காண்ட்ராக்ட் முடிவதற்குள் என்ன செய்யலாம்? ஓசூரிலிருந்து எழுதிய வாசகிக்கு

கேள்வி: எனக்கு அரூர் பக்கம் ஒரு கிராமம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு மூன்று வருடமாக ஓசூரில், வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டியில் இருக்கிறேன். காண்ட்ராக்ட்தான். மார்ச்சோடு முடிகிறது, நீட்டிக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள். என் வேலை, மெஷினிலிருந்து வரும் பீஸின் துளையில் பிளக் கேஜை (அளவு சரிபார்க்கும் உருளை) விட்டுப் பார்ப்பது. 'கோ' உள்ளே போகவேண்டும், 'நோகோ' போகக்கூடாது. மூன்று வருடமும் இதேதான். போன மாதம் நான் ஓகே சொல்லி அனுப்பிய அலுமினிய ஹவுசிங், ஒரு டிரே முழுக்க சிஎம்எம் ரூமில் (துல்லியமாக அளக்கும் மெஷின் இருக்கும் அறை) ரிஜெக்ட் ஆனது. எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினேன். ஏன் அப்படி ஆனது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அப்பா 'வந்துடு, வீட்ல இருந்து குரூப் 4-க்குப் படி' என்கிறார். ரூம் தோழி பெங்களூருவில் சாஃப்ட்வேர் கோர்ஸ் சேர்கிறாள். 65,000 ரூபாய், வேலை உறுதியாம். காண்ட்ராக்டர் ஆள் ஒருவர், ஒன்றரை லட்சம் கொடுத்தால் வேறு கம்பெனியில் பெர்மனென்ட் வாங்கித் தருகிறேன் என்கிறார். எனக்குச் சொந்தக் காலில் நிற்கவேண்டும் சார். ஆனால் இன்டர்வியூவில் 'மூணு வருஷத்துல என்ன கத்துக்கிட்ட?' என்று கேட்டால் பதில் இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது? சம்பளம் எவ்வளவு கேட்பது?

பதில்:

அந்த ஒன்றரை லட்சத்தை முதலில் முடித்துவிடுவோம். கொடுக்காதீர்கள். பெர்மனென்ட் ஆர்டர் போடுவது கம்பெனியின் எச்.ஆர்., அந்த ஆள் இல்லை. வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்பாது. வாங்கினதற்கு ரசீதும் இருக்காது. இதற்குமேல் இதில் பேச ஒன்றுமில்லை.

அடுத்தது அந்த ரிஜெக்ட் ஆன டிரே. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். நீங்கள் அதை அவமானமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ, நீங்கள் மூன்று வருடமாகக் கற்காமல் விட்டதெல்லாம் அந்த ஒரு டிரேயில் இருப்பதாகத் தெரிகிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

உங்கள் ஹவுசிங்கின் போர், அதாவது உள்துளையின் விட்டம், 60 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராயிங்கில் H7 என்று போட்டிருப்பார்கள். அப்படியென்றால் 60.000-லிருந்து 60.030 வரைதான் அனுமதி. மொத்தமே 30 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் முப்பது பங்கு. பீஸ் மெஷினிலிருந்து இறங்கும்போதும் சூடு, வாஷிங் மெஷினிலிருந்து வரும்போது இன்னும் சூடு. கையில் எடுத்தால் வெதுவெதுப்பாக இருக்குமே, அது சுமாராக 40 டிகிரி. சிஎம்எம் ரூமில் ஏசி போட்டு 20 டிகிரியில் வைத்திருப்பார்கள். உலகம் முழுக்க அளவு என்றால் 20 டிகிரியில் இருக்கும் அளவுதான். டிராயிங்கில் உள்ள எண்ணும் அந்த வெப்பநிலைக்குத்தான். அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 23 மைக்ரான் விரியும். 60 மி.மீ. போருக்கு 20 டிகிரி வித்தியாசத்தில் எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்: கிட்டத்தட்ட 28 மைக்ரான். அனுமதியே 30தான்!

அதாவது நிஜத்தில் 59.987 இருக்கும் ஒரு பீஸ், சூட்டில் 60.015 ஆக உங்கள் கைக்கு வருகிறது. உங்கள் கேஜ் எஃகு; அது அவ்வளவு விரியாது, சூடும் ஏறியிருக்காது. 'கோ' சுகமாகப் போகும். 'நோகோ' போகாது. நீங்கள் ஓகே சொல்வீர்கள், அந்த நிமிடத்தில் அது சரிதான். டிரே சிஎம்எம் ரூமுக்குப் போய் இரண்டு மணி நேரம் ஆறியதும் போர் சுருங்கி 'அண்டர்சைஸ்'. உங்களைத் திட்டினவருக்கும் இது தோன்றவில்லை என்பது என் ஊகம். தோன்றியிருந்தால் திட்டாமல் ஆறவைக்க ஒரு ரேக் கேட்டிருப்பார்.

காரணம் இதுவேதான் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம், செலவும் இல்லை. லைனில் இருந்து ஐந்து பீஸ் எடுங்கள். மார்க்கரில் 1 முதல் 5 வரை எண் போடுங்கள். துளையின் அளவை எண்ணாகக் காட்டும் போர் கேஜில் உடனே அளந்து எழுதுங்கள். அப்புறம் அந்த ஐந்தையும் சர்ஃபேஸ் பிளேட் மேல், கேஜை ஜீரோ செய்கிற செட்டிங் ரிங் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். (அந்தக் கருங்கல் பிளேட் நம்ம கிருஷ்ணகிரிக் கல்லாகக்கூட இருக்கலாம்.) சாப்பிட்டுவிட்டு வந்து, கேஜை ரிங்கில் மறுபடி ஜீரோ செய்து, அதே ஐந்தை அளந்து பக்கத்தில் எழுதுங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஓசூரில் காலை ஷிப்டுக்கும் மதிய ஷிப்டுக்கும் குளிர் எவ்வளவு மாறுகிறது என்று ஸ்வெட்டர் போட்டுப் போகிற உங்களுக்கே தெரியும். இரண்டு ஷிப்டிலும் செய்து பாருங்கள்.

அந்தத் தாளில் மொத்தம் இருபது எண் இருக்கும். 'மூணு வருஷத்துல என்ன கத்துக்கிட்ட?' என்ற கேள்விக்கு முதல் பதில் அந்தத் தாளில் நீங்கள் கண்டதுதான்.

இன்டர்வியூ மேசைக்கு அந்தப் பக்கம் நிறைய உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். 'த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் சார், ஹார்ட் வொர்க் பண்ணுவேன் சார்' என்று வருகிற பிள்ளைகள் ஒரே மாதிரி பேசுவார்கள், ஒரே மாதிரி போவார்கள். யாராவது ஒருவர், 'ஒரு பார்ட் லைன்ல ஓகே ஆச்சு, சிஎம்எம்ல ரிஜெக்ட் ஆச்சு சார், ஏன்னு பார்த்தேன்' என்று ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். என்ன கோளாறு, எதை வைத்து அளந்தீர்கள், காரணம் என்ன, என்ன மாற்றினார்கள், அதன்பிறகு நின்றதா. இந்த வரிசையில் ஒரே ஒரு கதை உங்களிடம் உண்மையாக இருந்தால் போதும். தமிழில் சொன்னாலும் ஓசூரில் கேட்பார்கள். ஆங்கிலத்திலும் சொல்ல முடிந்தால் எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திராவிலும் கேட்பார்கள். அந்தக் கதையை ஆங்கிலத்தில் பத்து வாக்கியமாக எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் 'மை நேம் இஸ், மை ஹாபி இஸ்' படிப்பதைவிட இது உங்களுக்கு உதவும்.

இனி உங்கள் மூன்று வருடத்துக்கு வருகிறேன். வீணாகப்போய்விட்டது என்று நினைக்கிறீர்கள். பாதிதான் சரி. இறுக்கமாகப் போகிற கேஜுக்கும் வழுக்கிக்கொண்டு போகிற கேஜுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் விரலுக்குத் தெரியும். அது புத்தகத்தில் வராது. ஆனால் பிளக் கேஜ் ஒரு ஊமை. 'ஆம்', 'இல்லை' இரண்டுதான் சொல்லும். எவ்வளவு நல்லது, எந்தப் பக்கம் சாய்கிறது, இன்னும் எத்தனை பீஸில் கெடும் என்று சொல்லாது. நீங்களும் அதோடேயே மூன்று வருடம் இருந்துவிட்டீர்கள்.

இதற்கு உங்களை மட்டும் குற்றம் சொல்லமாட்டேன். 1980-களில் டைட்டன் ஓசூரில் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியபோது, பள்ளி முடித்த பிள்ளைகளை எடுத்துத் தாங்களே பயிற்சி கொடுத்து ஆளாக்கினார்கள். அந்தக் காலத்துத் தொழிற்சாலைகள் பலவற்றிலும் தொழில் கற்றுக்கொடுப்பது கம்பெனியின் கடமையாக இருந்தது. மூன்று வருடத்தில் வெளியே போகப்போகிற காண்ட்ராக்ட் ஆளுக்கு இன்று யாரும் மெனக்கெட்டுச் சொல்லித்தருவதில்லை. ஒரு வேலையைக் காட்டிக்கொடுப்பார்கள், அதையே செய்யச் சொல்வார்கள். அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயம் மார்ச்சுக்குள் சரியாகிவிடாது. அதே ஷெட்டுக்குள் மெஷின் இருக்கிறது, போர் கேஜ் இருக்கிறது, டிராயிங் இருக்கிறது, முப்பது வருடம் லேத்தில் நின்ற அண்ணன்மார் இருக்கிறார்கள். மார்ச்சுக்கு அப்புறம் இதெல்லாம் உங்களுக்குக் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

நம்ம தகடூர்க்காரர்களுக்கு (தருமபுரியின் பழைய பெயர்) இது பழைய செய்தி. அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தராமல் நாளைக் கடத்தியபோது, ஔவையார் அவன் வாயில்காவலனிடம் பாடியது புறநானூற்றில் 206-ஆவது பாட்டு. தச்சனுடைய கைத்தொழில் வல்ல பிள்ளைகள் மழுவோடு காட்டுக்குள் போனால் அவர்களுக்கு மரத்துக்கா பஞ்சம், எங்களுக்கும் அப்படித்தான் என்கிறார். 'எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே.' எல்லாரும் இந்த வரியைச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முன்னால் வருவது: 'காவினெம் கலனே, சுருக்கினெம் கலப்பை.' யாழை எடுத்து, பையைச் சுருக்கிக் கட்டிக்கொண்டுதான் அந்தம்மா அதைச் சொல்கிறார். வெறுங்கையோடு நின்று சொல்லவில்லை. மார்ச் மாதக் கடைசி நாள் நீங்கள் கேட்டை விட்டு வெளியே வரும்போது பையில் என்ன இருக்கும்? அதற்குத்தான் இந்த மாதங்கள்.

சரி, என்னென்ன சேர்ப்பது?

அளவை எண்ணாக எடுக்கப் பழகுங்கள். உங்கள் பார்ட் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மணிக்கு ஐந்து பீஸ் போர் கேஜில் அளந்து, நேரத்தோடு வரைபடத்தில் புள்ளி வையுங்கள். ஒரு ஷிப்ட் வரைந்தாலே ஒன்று தெரியும்: போர் மெதுவாகக் குறைந்துகொண்டே வரும். போரிங் டூலின் வெட்டும் முனையான இன்சர்ட் தேயத் தேய, அது உலோகத்தைக் குறைவாக வெட்டும், துளை சின்னதாகும். வெளிவிட்டத்தில் இதுவே தலைகீழ், பீஸ் பெரிதாகும். திடீரென்று ஒரு புள்ளி எகிறினால் அது தேய்மானம் கிடையாது. பீஸைப் பிடிக்கிற ஜா-வில் சிப் மாட்டியிருக்கும், அல்லது யாரோ ஆஃப்செட் (டூலின் இடத்தைத் திருத்த மெஷினில் கொடுக்கிற எண்) மாற்றியிருப்பார்கள். 'அண்ணா, காலைல 60.022 இருந்தது, இப்ப 60.009-க்கு வந்திருச்சு, இன்சர்ட் பாக்கறீங்களா?' என்று ரிஜெக்ட் ஆவதற்கு முன்னால் போய்ச் சொல்லுங்கள். முதல் நாள் 'நீ உன் வேலையைப் பாரும்மா' என்பார். இரண்டாவது முறை நீங்கள் சொன்னது சரியாக இருந்தால், மூன்றாவது முறை அவரே கூப்பிட்டுக் கேட்பார். அப்போது நீங்களும் கேட்கலாம்: ஆஃப்செட் ஏன் மாற்றினீர்கள், எவ்வளவு மாற்றினீர்கள், இந்த இன்சர்ட்டை ஏன் எடுத்தீர்கள். கைத்தொழில் தெரிந்தவர்கள், மரியாதையாகக் கேட்டால் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். யாரும் கேட்பதில்லை என்பதுதான் அவர்களுடைய குறை.

டிராயிங்கை முழுசாகப் படியுங்கள். உங்களுக்குக் காட்டியது அந்த ஒரு போர்தான், ஆனால் தாளில் டேட்டம் இருக்கும், பொசிஷன் இருக்கும், ரன்அவுட் இருக்கும், சர்ஃபேஸ் ஃபினிஷ் இருக்கும். ஒவ்வொரு குறியும் எதற்கு, அந்த பார்ட் வண்டியில் எங்கே உட்காருகிறது, அது ஒழுங்காக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மெல்லிய சுவர் உள்ள பார்ட்டை மூன்று ஜா சக்கில் இறுக்கிப் பிடித்து போர் போட்டால், பிடியில் இருக்கும்வரை வட்டமாக இருக்கும். விட்டதும் மூன்று மூலையாகப் பிதுங்கும். அதை இரண்டு முனை போர் கேஜில் எந்தப் பக்கம் திருப்பி அளந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் காட்டும். மூன்று முனை உள்ள மைக்ரோமீட்டர் வேண்டும். எதை எதனால் அளப்பது என்று தெரிந்தவர்தான் குவாலிட்டிக்காரர். கேஜ் பிடிக்கத் தெரிந்தவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டிராயிங்கைப் போட்டோ எடுக்காதீர்கள், ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், அந்த இருபது எண் எழுதிய தாளும் ஷெட்டுக்குள்ளேயே இருக்கட்டும். அதெல்லாம் கம்பெனி சொத்து. பாலிடெக்னிக் மெட்ராலஜி (அளவியல்) பாடத்தில் மறந்துபோனதை ரூமுக்கு வந்து உங்கள் சொந்த நோட்டில், பார்ட் பெயர், கம்பெனி பெயர் இல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். இன்டர்வியூவிலும் பழைய கம்பெனி பார்ட் நம்பரை உளறிவைக்காதீர்கள். அதைச் சொல்கிற ஆளை யாரும் நம்பி எடுக்கமாட்டார்கள்.

அப்புறம் குவாலிட்டியில் அடிக்கடி காதில் விழும் ஐந்து சுருக்கப் பெயர்கள்: எஸ்.பி.சி., எம்.எஸ்.ஏ., எஃப்.எம்.இ.ஏ., பி.பி.ஏ.பி., ஏ.பி.க்யூ.பி. வண்டிக் கம்பெனிக்குச் சரக்கு கொடுக்கிற எல்லா இடத்திலும், ஐ.ஏ.டி.எஃப். 16949 என்ற வண்டித் தொழில் தரச் சான்றிதழ் மாட்டியிருக்கிற எல்லாச் சுவருக்குள்ளும், குவாலிட்டி என்றால் இந்த ஐந்தும்தான். உங்களுக்கு இப்போது முதல் இரண்டு போதும். எஸ்.பி.சி. நீங்கள் வரையப்போகிற அந்தப் புள்ளிகள்தான். அதிலிருந்து சி.பி.கே. என்று ஒரு எண் வரும், 1.33 என்றால் சராசரியிலிருந்து பக்கத்து எல்லை நான்கு சிக்மா (அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதைக் காட்டும் எண்) தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். எம்.எஸ்.ஏ. என்பது அளக்கிற கருவியையும் ஆளையும் அளப்பது. பத்து பீஸை மூன்று பேர் மாற்றி மாற்றி அளக்கவேண்டும், ஒருவர் எடுத்த அளவு அடுத்தவருக்குத் தெரியக்கூடாது. பிழை 10 சதவீதத்துக்குள் இருந்தால் கருவி நம்பகமானது, 30-ஐத் தாண்டினால் ஆகாது. வருடத்துக்கு ஒருமுறை ஆடிட் வரும்போது உங்கள் கம்பெனியில் யாராவது இதை அவசர அவசரமாகச் செய்துகொண்டிருப்பார். 'சார், நான் கூட இருந்து ரீடிங் எடுக்கறேன்' என்று போய் நில்லுங்கள். வேண்டாம் என்று சொல்லமாட்டார். அது அவருக்குப் பிடிக்காத வேலை. எக்செல் தெரியாவிட்டால் அதையும் அங்கேயே கற்றுக்கொள்ளலாம். ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் மெட்ராலஜி, உற்பத்திப் பாடங்கள் என்.பி.டி.இ.எல். தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தேர்வு எழுதினால் மட்டும் சிறு கட்டணம்.

இப்போது அந்த 65,000. சாஃப்ட்வேர் மேல் உங்களுக்கு ஆசை இருக்கிறதா? கடிதத்தில் தேடிப் பார்த்தேன், தோழி சேர்கிறாள் என்பதைத் தவிர ஒரு காரணமும் இல்லை. ஆசை இருந்தால் ஒரு மாதம் இலவசமாகப் படித்துப் பாருங்கள். அதற்கப்புறமும் மனசு அதிலேயே நின்றால் யோசிக்கலாம். 'வேலை உறுதி' என்று சொல்கிறவரிடம், கிடைக்காவிட்டால் பணம் திரும்பும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். போன பேட்ச் பிள்ளைகள் நான்கு பேரிடம், அவர் காட்டுகிற நான்கு பேரிடம் இல்லை, நீங்களாகத் தேடிப் பிடிக்கிற நான்கு பேரிடம் பேசுங்கள். தோழியையும் கேட்கச் சொல்லுங்கள்.

அப்பா சொல்கிற குரூப் 4 வேறு விஷயம். அவரைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. நம்ம மாவட்டத்தில் மழையை நம்பி விவசாயம் பார்த்தவருக்கு, மாதாமாதம் தேதி தவறாமல் வரும் சம்பளம் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். ஆனால் அவருக்கு ஒரு எண்ணைக் காட்டுங்கள். 2024-ல் குரூப் 4-க்கு முதலில் அறிவித்த இடம் 6,244. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலையில் இருந்துகொண்டே எழுதுங்கள். வேலையை விட்டுவிட்டுப் படிப்பதானால் எத்தனை தேர்வு என்று முன்னாலேயே அப்பாவும் நீங்களும் பேசி முடிவுசெய்யுங்கள். 'இந்தத் தடவை கிடைச்சிடும்' என்று ஒவ்வொரு வருடமும் நீட்டினால், திரும்பி ஷாப் ஃப்ளோருக்கு வரும்போது இடைவெளியைத்தான் முதலில் கேட்பார்கள்.

மேலே படிக்கிற எண்ணம் இருந்தால், டிப்ளமோக்காரர்களுக்கு பி.இ. நேராக இரண்டாம் வருடம் உண்டு. பர்கூரிலும் தருமபுரி செட்டிகரையிலும் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. மூன்று வருடம் சம்பளம் இல்லாமல் தள்ள முடியுமா என்பது உங்கள் வீட்டுக் கணக்கு. அதை நான் சொல்ல முடியாது.

வீட்டுக் கணக்கு என்றதும் ஒன்று. சொந்தக் காலில் நிற்கவேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கையில் சேமிப்பு எவ்வளவு என்று எழுதவில்லை. ஹாஸ்டல், சாப்பாடு, பஸ், போன் எல்லாம் சேர்த்து மூன்று மாதச் செலவு உங்கள் பெயரில், உங்கள் கணக்கில் இருக்கவேண்டும். அது இல்லாதவர்கள்தான் ஏப்ரல் முதல் வாரம் கிடைத்த முதல் காண்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டு, மறுபடி பிளக் கேஜோடு உட்காருகிறார்கள். மார்ச்வரை வீட்டுக்கு அனுப்புவதில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். அப்பாவை அம்மா பார்த்துக்கொள்வார்.

அடுத்த வேலையை எங்கே தேடுவது? இங்கே என் கருத்து பலருக்குப் பிடிக்காது. பெரிய பெயர்ப்பலகையை விட்டுவிட்டு, சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் ஐம்பது அறுபது பேர் வேலை செய்கிற ஜாப் ஷாப் (மற்ற கம்பெனிகளுக்கு ஆர்டரின் பேரில் பார்ட் செய்துகொடுக்கிற சின்ன கம்பெனி) ஒன்றில் கேளுங்கள். அங்கே குவாலிட்டி என்றால் ஒருவரோ இருவரோதான். வருகிற மெட்டீரியலைப் பார்ப்பதும் நீங்கள், முதல் பீஸைப் பார்த்து 'ஓட்டுங்க' என்று சொல்வதும் நீங்கள், கஸ்டமர் கம்ப்ளெயின்ட் வந்தால் ரிப்போர்ட் எழுதுவதும் நீங்கள். கேன்டீன் சுமாராக இருக்கும், பஸ் இருக்காது, முதலாளி சத்தம் போடுவார், சம்பளமும் ஆயிரம் இரண்டாயிரம் குறையலாம். ஆனால் பெரிய கம்பெனியில் ஐந்து வருடத்தில் கண்ணில் படாதது இங்கே ஒரு வருடத்தில் கைக்கு வரும். அதற்கப்புறம் பெரிய கம்பெனிக்குப் போங்கள், ஆள் கணக்காக இல்லாமல் குவாலிட்டி இன்ஜினியராகப் போவீர்கள். கல்யாணம் ஆகிக் கோவைக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போனாலும் போர் போர்தான், H7 H7தான்.

சின்ன கம்பெனி என்பதற்காக பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் சேராதீர்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இ.எஸ்.ஐ. உண்டு. இப்போது இருக்கிற இடத்திலும் மார்ச்சுக்கு முன் காகிதங்களைச் சரிபார்த்துவிடுங்கள். யு.ஏ.என். என்கிற உங்கள் பி.எஃப். எண்ணில் மாதாமாதம் பணம் ஏறியிருக்கிறதா என்று பாஸ்புக்கைப் பாருங்கள். காண்ட்ராக்டர் பிடித்ததைக் கட்டாமல் விட்டிருந்தால் இருக்கும்போதே கேட்பது சுலபம். பி.எஃப். பணத்தை எடுக்காமல் அடுத்த வேலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அனுபவச் சான்றிதழ் காண்ட்ராக்டர் பெயரில்தான் வரும், அதில் 'ஹெல்பர்' என்று போட்டுவிடுவார்கள். 'குவாலிட்டி இன்ஸ்பெக்டர்' என்று போட்டு வாங்குங்கள். நீங்கள் செய்தது அதுதான். ஒரிஜினல் டிப்ளமோ சான்றிதழை எந்த காண்ட்ராக்டரிடமும் ஒப்படைக்காதீர்கள். காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, சம்பளம் எவ்வளவு கேட்பது என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வாங்குவதை ஏற்றிச் சொல்லாதீர்கள், சம்பளச் சீட்டு கேட்பார்கள். போகிற முன்னால் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்: கைக்கு வருவது, பி.எஃப்., ஓ.டி., கம்பெனி பஸ், கேன்டீன். இப்போதைய இடத்தில் பஸ்ஸும் சாப்பாடும் கம்பெனியுடையது என்றால், அது இல்லாத இடத்தில் அந்தச் செலவைக் கூட்டிக்கொள்ளவேண்டும். அந்தக் கணக்குக்குக் கீழே வேண்டாம் என்று உங்களுக்குள் ஒரு எண், அதற்கு மேலே வாய்விட்டுக் கேட்கிற எண் ஒன்று. 'எக்ஸ்பெக்டேஷன் எவ்வளவும்மா?' என்று கேட்டால் 'நீங்க பார்த்துக் கொடுங்க சார்' என்று மட்டும் சொல்லாதீர்கள். பார்த்துக் கொடுத்தால் குறைவாகத்தான் கொடுப்பார்கள். இரண்டாவது எண்ணைச் சொல்லுங்கள். சொன்னபிறகு, வீட்டுக் கஷ்டம், தங்கச்சி படிப்பு என்று எதையும் சேர்க்காமல் பேசாமல் இருங்கள். அடுத்து அவர் பேசட்டும்.